பதினேழு வீட்டில் ஓடிய ஐஸ் மிஷின்

10-3-2002. செங்கல்பட்டு, பிரவுசிங் சென்டர், இரண்டு மணி நேரம். ரூ. 60
17-3-2002. இணையதளப் பெயர் பதிவு, ஓராண்டு. ரூ. 800
17-3-2002. தளத்துக்கு இட வாடகை, ஓராண்டு. ரூ. 1,500
24-3-2002. அட்டைகள் ஸ்கேன், இருபது. ரூ. 200
7-4-2002. பக்கங்கள் அமைத்த கூலி. ரூ. 1,000
ஆக மொத்தம் ரூ. 3,560

இவ்வளவும் கடப்பாக்கம் அமானுல்லாவின் கைக்காசு. வலையும் நைலான் கயிறும் விற்கிற கடைக்காரர். அப்போது வயது ஐம்பத்திரண்டு. முன்கோபக்காரர் என்று ஊரே சொல்லும். பில்லில் கூடுதலாகப் போட்டுத் தரச் சொன்ன படகு முதலாளி ஒருவரைக் கடையை விட்டு இறக்கியவர். அந்த வியாபாரம் அதோடு போயிற்று. அதற்காக அவர் ஒரு நாளும் வருந்தியதில்லை.

அவருக்கு ஒரே பொழுதுபோக்கு, சிற்றலை வானொலி. கடைக் கூரையிலிருந்து பக்கத்துப் புங்கமரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டி, காலையில் தூரதேசத்து நிலையங்களைக் கேட்பார். எந்த அலைவரிசை, எத்தனை மணி, அறிவிப்பாளர் என்ன பேசினார், ஒலி எப்படி இருந்தது என்று எழுதி அந்த நிலையத்துக்கே தபாலில் அனுப்புவார். நிலையத்தார் சரிபார்த்து, 'நீங்கள் எங்களைக் கேட்டது உண்மை' என்று ஒரு படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். கிடைப்பது அந்த அட்டை மட்டும்தான். ஆனால் அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காதில் விழுந்ததை மட்டும் எழுத வேண்டும். விழாததை 'விழவில்லை' என்று எழுத வேண்டும்.

வட அட்லாண்டிக் தீவு ஒன்றின் வானொலி 1983இல் அமானுல்லாவைத் தன் கண்காணிப்பாளராக நியமித்தது. சம்பளம் கிடையாது. ஆண்டுதோறும் அவர்கள் வெளியிடும் சிறு புத்தகத்தில் 'அமானுல்லா, கடப்பாக்கம்' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிதான் அவருடைய பட்டம், பதவி எல்லாம்.

மாவட்டத்தில் இப்படிக் கேட்பவர்கள் முப்பத்தெட்டுப் பேர் ஒரு மன்றமாக இருந்தார்கள். கூடுவாஞ்சேரி நரசிம்மன் மாதாமாதம் நிலையங்களின் அலைவரிசை விவரத்தை எழுதி, நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவார். மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். அமானுல்லாவுக்கு இருபது வருடச் சிநேகிதர். ஆனால் ஜெராக்ஸ் கைக்கு வருவதற்குள் நிலையங்கள் அலைவரிசையை மாற்றிவிடும். "வெப்சைட் ஆரம்பிச்சிட்டா தீந்தது பாய்" என்று சொன்னவர் நரசிம்மன். பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனவர் அமானுல்லா.

அங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவள் அம்சா. முப்பத்தைந்து வயது, வெடுக்கென்று பேசுவாள். முதல் நாள் திரையில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்ததைப் பார்த்து அமானுல்லா மேசையைத் தட்டினார்.

"இன்னாம்மா இது, குறுக்கெழுத்துப் போட்டி கணக்கா?"

"பாய், என் கம்ப்யூட்டர ஒடச்சா அதுக்குத் தனி டப்பு. தமிழ் எழுத்து ஃபான்ட் எறக்கணும், அவ்ளோதான். உங்க ஆளுங்க எல்லாரும் எறக்கிக்கணும். மொதப் பக்கத்துலயே அதைச் சொல்லிடலாம். சரி, உள்ள இன்னா போடப் போறீங்க?"

"நான் எழுதற அறிக்கை எல்லாம். அனுப்பின வாரமே. அப்படியே, முழுசா."

"முழுசாவா? எவனாவது பார்த்து எழுதிட்டா?"

அமானுல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு அட்டைக்காம்மா? இதுல இன்னா பரிசா தர்றான், திருடறதுக்கு?"

முப்பத்தெட்டுப் பேரும் தன்னைப் போலத்தான் என்று அவர் நம்பினார். அதுதான் அவர் செய்த தவறு.

தளம் ஏப்ரலில் தொடங்கியது. மே 7, செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தீவு வானொலியைக் கேட்டார். ஏழே காலுக்கு, படகுகள் கரை சேர்கிற நேரம், கடைக்குப் பின்னால் ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடியது. '7.15 முதல் 7.19 வரை கடும் இரைச்சல், பேச்சு விழவில்லை' என்று எழுதினார். எதனால் இரைச்சல் என்று எழுதவில்லை. அந்த ஞாயிறு செங்கல்பட்டுக்குப் போய் அறிக்கையை அப்படியே தளத்தில் ஏற்றினார்.

ஜூன் 24 அன்று நிலையத்திலிருந்து அட்டை வரவில்லை, கடிதம் வந்தது. 'மே 7 ஒலிபரப்பு பற்றி உங்கள் மாவட்டத்திலிருந்து பதினெட்டு அறிக்கைகள் வந்துள்ளன. உங்களுடையது போக மற்றப் பதினேழிலும் அதே நான்கு நிமிடம் இரைச்சல். எங்கள் ஒலிபரப்பில் கோளாறு எதுவும் இல்லை. பதினெட்டு வீடுகளில் ஒரே நேரத்தில் ஒரே இரைச்சல் கேட்குமா? விளக்கம் வரும்வரை உங்கள் மன்றத்தில் யாருக்கும் அட்டை கிடையாது. உங்கள் கண்காணிப்பாளர் பதவியும் நிறுத்தி வைக்கப்படுகிறது.'

அமானுல்லா கடிதத்தைக் கயிற்றுச் சுருள் மேல் வீசி எறிந்தார். வந்த வாடிக்கையாளரிடம் "வலை இல்லை, போ" என்றார். தலைக்கு மேல் ஆறு வலை தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி சுராயா தட்டில் இட்லியோடு வந்தாள்.

"நாஸ்தா ஆறுது. சாப்ட்டுட்டு கத்துங்க. வெறும் வயித்துல கத்துனா குரல் வராது."

"இருபது வருஷமா சேத்த பேரு சுராயா! பதினேழு பேரு சேந்து தின்னுட்டானுங்க!"

"அந்தப் பதினேழு பேரைப் பிடிங்க. என்கிட்ட இன்னாத்துக்கு?"

ஜூன் 30, ஞாயிறு. மாமல்லபுரம் பேருந்து நிலையத்தருகே ஓர் ஓட்டல் மாடியில் கூட்டம். இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். அமானுல்லா கடிதத்தோடு வந்த பெயர்ப் பட்டியலை நின்றுகொண்டே படித்தார். ஒன்பதாவது பெயர் நரசிம்மன். படிக்கும்போது அவர் குரல் இறங்கவில்லை, ஏறியது.

"நரசிம்மா, மே ஏழாம் தேதி எந்த ஷிப்ட்?"

"மொத ஷிப்ட் பாய்."

"காலைல ஏழே காலுக்கு எங்க இருந்தே?"

நரசிம்மன் டீ கிளாசைப் பார்த்தார். "கம்பெனி பஸ்ல."

"பஸ்ல ஐஸ் மிஷின் ஓடிச்சா?"

யாரோ சிரித்தார்கள். "எவன்டா சிரிக்கிறது? உன் பேரு பன்னெண்டாவது. வாய மூடு."

"கேட்டிருந்தா இதானே பாய் கேட்டிருக்கும்?" என்றார் நரசிம்மன். "நிகழ்ச்சி ஒண்ணுதான். கம்பெனில ஷிப்ட் மாத்தித் தர மாட்டேங்கறான். ஒரு வருஷமா எனக்கு ஒரு அட்டை வரல. ஒரு அட்டைக்கா இந்தக் குதி குதிக்கிறீங்க?"

"அட்டை வேணும்னா என் வூட்டுக்கு வந்து எடுத்துக்கினு போயிருக்கலாம். கேக்காததக் கேட்டேன்னு எழுதினியே! அதுவும் என் காதுல விழுந்த இரைச்சலை!"

பதினேழு பேரும் உண்மையைச் சொல்லி அவரவர் கைப்பட நிலையத்துக்கு எழுத வேண்டும், எழுதாதவன் மன்றத்தில் இல்லை என்றார். பதினோரு பேர் எழுதினார்கள். நரசிம்மன் எழுதினார், அதன் பிறகு அமானுல்லாவோடு மூன்று மாதம் பேசவில்லை. ஆறு பேர் எழுந்து போனார்கள். அமானுல்லாவும் ஐஸ் மிஷினைப் பற்றி விளக்கி எழுதினார்.

அடுத்த ஞாயிறு அம்சாவிடம் போய், "மூடிடும்மா. எனக்கு இந்தப் பேஜாரு வாணாம்" என்றார்.

"மூடறது ஒரு நிமிஷம் பாய். நேத்து கல்பாக்கத்துலேர்ந்து ஒருத்தர் எழுதியிருக்காரு, கம்பி எப்படிக் கட்டறதுன்னு. அவருக்குப் பதில் சொல்லிட்டு மூடுங்க."

பதில் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு மூடவில்லை. அட்டை கைக்கு வந்த பிறகே அறிக்கையைத் தளத்தில் ஏற்றலாம் என்று மட்டும் விதி போட்டார்கள்.

ஆகஸ்ட் 12 அன்று நிலையத்தின் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டவர்களுக்கு இனி அட்டை உண்டு. அமானுல்லாவின் நேர்மையில் ஐயமில்லை. ஆனால் கண்காணிப்பாளராகத் தொடர வேண்டுமானால் அவர் இணையதளத்தை மூடிவிட வேண்டும்.

ஜூனில் வந்ததைவிட இப்போது வந்ததுதான் பெருங்கோபம். திருடியவர்களுக்கு அட்டை, திருட்டுக் கொடுத்தவருக்கு நிபந்தனை. தானே மூட நினைத்ததை இன்னொருவர் மூடச் சொன்னதும் அவருக்குத் தாங்கவில்லை. "மூணாயிரத்து ஐந்நூத்தறுபது ரூபா என் காசு. முப்பது பேரு பேசற இடம். மூடச் சொல்ல இவன் யாரு?" என்று கடையில் நின்று கத்தினார்.

"வருஷா வருஷம் புக்குல உங்க பேரு வருமே?" என்றாள் சுராயா.

"வர வாணாம்" என்றார்.

கடிதத்தை அம்சாவிடம் சொல்லிச் சொல்லித் தட்டச்சு செய்தார். முதலில் சொன்ன வசவுகளையெல்லாம் அம்சா விட்டுவிட்டாள். மிஞ்சியது நாலு வரி. தளம் தொடரும், விதி மாற்றியாயிற்று, என் காதுக்கு உங்கள் பட்டம் தேவையில்லை, பதவியிலிருந்து விலகுகிறேன்.

தபாலில் போட்டுவிட்டு வந்தும் கோபம் தணியவில்லை. மறுநாள் காலை அதே நிலையத்தைத்தான் திருப்பினார், இரைச்சலுக்கு நடுவே கேட்டார், எழுதினார்.

அவருடைய விலகலை ஏற்றுக்கொண்டதாக நிலையம் எழுதிய கடைசிக் கடிதம் கடப்பாக்கம் வந்து சேர்ந்த நாள் 19-9-2002, வியாழக்கிழமை.