எலிகளுக்குத் தாகம்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர்தான். ஆனாலும் எலியின் மூச்சை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடுவார் ஆய்வுக்கூடத்துக் கூண்டுக்காரர். அன்று நெருஞ்சில் கஷாயம் சிறுநீரைப் பெருக்குமா என்று சோதனை. பாதி எலிகளுக்குக் கஷாயம்; ஒப்பிட்டுப் பார்க்க மீதி எலிகளுக்கு ஒன்றும் இல்லை. ஐந்து மணி நேரம் எந்த எலிக்கும் தண்ணீர் கிடையாது. கூண்டுக்கடியிலிருந்த குப்பிகளில் சொட்டுகள் விழும் ஓசை, தூரத்து மழைபோல் அவரைத் தாலாட்டியது.

மாலையில், சோதனையை நடத்திய டாக்டரம்மா குப்பிகளை அளந்துவிட்டுத் தளர்ந்துபோய் உட்கார்ந்தார். "கஷாயம் குடிக்காத எலியும் அதே அளவு போயிருக்கு, அண்ணே. ரெண்டு வருஷ உழைப்பு வீண். நெருஞ்சில்ல ஒண்ணுமில்லன்னு எழுதிட வேண்டியதுதான்."

கூண்டுக்காரர் பக்கத்தில் வந்தார். "எழுதாதீங்கம்மா. கஷாயம் கெடைக்காததுங்க ஏக்கமா பாத்துச்சுங்க. நாந்தான் தண்ணி வச்சேன்."

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படியா?"

"முப்பத்திரண்டும்மா," என்று நிமிர்ந்தார்.

டாக்டரம்மா சிரித்தபடி பேனாவை மூடினார்.