எல்லோருக்கும் பதில் போட்ட அப்பா

அப்பாவுக்கு ஈமெயில் கணக்குத் தொடங்கிக் கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அக்கா கல்யாணமாகி பிரான்சுக்குப் போன புதிது. போனில் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறாள் என்று அப்பா குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். சரி என்று முதலியார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போய் ஆரம்பித்துக் கொடுத்தேன்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அவர்களை சொல்தா என்போம். வந்த கடிதத்துக்குப் பதில் போடாதவன் மனுஷனே இல்லை என்பது அவர் கட்சி. பொங்கல் வாழ்த்து அனுப்பிய ஜவுளிக்கடைக்கே நன்றிக் கடிதம் போட்டவர். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கொஞ்ச நாளில் விளம்பரங்கள் வர ஆரம்பித்தன. முடி வளர மருந்து, லாட்டரிப் பரிசு, எங்கேயோ ஒரு தளபதியின் விதவைக்குச் சேர்ந்த சொத்து. அப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டி எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் பதில் போட்டார். மருந்துக்காரனுக்கு, "மெஸ்ஸியே, எனக்கு முடி கொட்டிப் பல வருஷம் ஆகிறது, தங்கள் அக்கறைக்கு நன்றி" என்று. விதவைக்கு ஆழ்ந்த அனுதாபங்கள் வேறு.

"அப்பா, பதில் போட்டா இங்க ஒரு ஆளு படிக்கறாருன்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சிடும். இன்னும் பத்து பேர்கிட்ட உங்க விலாசத்தக் குடுப்பானுங்க."

"ஒருத்தர் மெனக்கெட்டு எழுதியிருக்காரு. வாயத் தொறக்காம இருக்கச் சொல்றியா?"

தலையில் அடித்துக்கொண்டேன்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டில் முதல் பேத்தி. அவள் முகத்தைப் பார்க்க அப்பா கிடந்து தவித்தார். மாமா டிஜிட்டல் கேமராவில் எடுத்து ஈமெயிலில் அனுப்பினார். அக்கா போன் செய்தாள்: "ஏண்டி, அப்பா பொட்டி ரொம்பிடுச்சாம், படம் திரும்பி வந்துடுச்சி." அந்தக் காலத்துக் கணக்கில் நாலு படம் வந்தாலே இடம் இருக்காது. நான் போய்க் குப்பையெல்லாம் அழித்தேன். அடுத்த முறை அனுப்புவதற்குள் மறுபடி நிரம்பிவிட்டது.

கடைசியில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கினேன். "இது அக்காவுக்கு மட்டும். வேற யாருக்கும் மூச்சு விடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அப்பாவும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு பேத்தியைப் படத்தில் பார்க்க சென்டருக்குப் போனோம். திறந்தால் அதே முடி மருந்து, அதே லாட்டரி, அதே விதவை. பெட்டி நிறைந்திருந்தது. பேத்தியைக் காணோம்.

"அப்பா, யாருக்குக் குடுத்தீங்க?"

"எல்லாருக்கும் ஒரு வரி போட்டேன், விலாசம் மாறிடுச்சின்னு. வீடு மாறினா பழகினவங்களுக்குச் சொல்லாம போறது மரியாதையா?"

நான் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். அம்மா சும்மா விடவில்லை. "ஏங்க, பேத்தி மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடி ஊர்ல இருக்கற களவாணிக்கெல்லாம் கதவத் தொறந்து உட்டீங்களா?"

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். புது விலாசம்தானே, போய்ச் சேர்ந்திருக்கும் என்று மாமா அனுப்பிய கையோடு கேமராவில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டாராம். இடம் வேண்டியிருந்ததாம். படம் திரும்பி வந்ததும், கவனிக்காமல் தன் பெட்டியில் இருந்த பழைய கடிதங்களோடு அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டாராம். அக்கா போனிலேயே அழுதாள்.

அதற்கப்புறம் அவள் ஈமெயிலை நம்பவே இல்லை. பல மாதம் கழித்துத் தபாலில் ஒரு படம் வந்தது. குழந்தை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, கீழே இரண்டு பல் முளைத்திருந்தது.

அப்பா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "பொறந்தப்போ யார் ஜாடையில இருந்துதோ" என்றார்.

அன்றைக்கு மட்டும் அவர் பதில் எழுத உட்காரவில்லை.