பல்பைச் சுற்றி ஒரு வானவில்

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு சேகோ ஆலை இருக்கிறது. வாழப்பாடியிலிருந்து ஆத்தூர் போகிற வழியில் இருக்கும் பல ஆலைகளில் அதுவும் ஒன்று. சிமெண்டுக் களத்தில் ஜவ்வரிசியைக் கொட்டிக் காயவைப்பார்கள். காற்றடித்தால் மரவள்ளிக் கிழங்கு மாவு பறந்து வந்து ஜன்னல் கம்பி, துவைத்த துணி, என் வண்டி சீட்டு என்று எல்லாவற்றின் மேலும் படியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த தப்புக்கு அந்த மாவைத்தான் துணைக்கு இழுத்துக்கொண்டேன்.

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன். என் மனைவி திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். தையல் மெஷினுக்கு மேலே ஒரு பல்பு தொங்கும். அதன் கீழே உட்கார்ந்து தைத்துக்கொண்டே என்னிடம் ஏதாவது கேட்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் இருந்த விளையாட்டு அது.

"ஏனுங்க, மஞ்சக் கறைக்குச் சோப்புப் போட்டா ஏன் செவந்துக்குது?"

"மஞ்சளுக்கும் சோப்புக்கும் ஆகாது. கோபத்துல சிவக்குது."

"அப்ப உங்களுக்குத் தெனமும் யாரு சோப்புப் போடறாங்க?"

சிரித்து முடித்த பிறகுதான் உண்மைக் காரணத்தைச் சொல்வேன். அந்தக் கறை வெயிலில் போட்டால் போய்விடும் என்பது எனக்கு முன்பே அவளுக்குத் தெரியும். வெளிச்சம் அந்த நிறத்தை உடைக்கிறது என்ற விளக்கம் மட்டும்தான் என்னுடையது.

ஒருமுறை ஜவ்வரிசி உப்புமாவில் அயோடின் சொட்டு விட்டுக் காட்டினேன். உப்புமா கருநீலமானது. தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "இந்தக் கலர்லதான் லைனிங் துணி கேட்டு ஒரு அம்மா ஒரு மாசமா உசுரெடுக்குது" என்றாள். இன்னொரு நாள், இருட்டில் சிவப்பு ரவிக்கைக்கு என்ன நிறம் என்று கேட்டாள். வெளிச்சம் இல்லாவிட்டால் நிறமே இல்லை என்றேன். "அப்ப கரண்ட் போனப்ப தெச்சா எந்த நூலு போட்டாலும் ஒன்னுதானுங்க" என்றாள். இதையெல்லாம் மறுநாள் வகுப்பில் என் சொந்தச் சரக்கு போலச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். தெரியாது என்று நான் அவளிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவ்வளவு தலைக்கனம்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், தைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, பல்பைச் சுத்தி வட்டமா வானவில் தெரியுதுங்களே, அது எப்படி?"

நான் எழுந்து வந்து அண்ணாந்து பல்பைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வாத்தியார் வாய் சும்மா இருக்குமா?

"களத்து மாவு காத்துல மிதக்குது. அதுல வெளிச்சம் பட்டுச் சிதறுது."

"உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"வானவில் நிக்கிற இடத்தைப் பொறுத்தது. உன் வானவில் உனக்கு, என் வானவில் எனக்கு."

சொன்னது பாடப்படி சரி. அவளுக்கு மட்டும் ஏன் தெரிகிறது என்ற கேள்வியை ஒரு சரியான பதிலைப் போட்டு மூடிவிட்டேன்.

பிறகும் சில நாள் தெரிந்தது. கூடவே தலைவலி. நூல் கோத்துக் கோத்து வருகிற வலி என்று தைலம் வாங்கிக் கொடுத்தேன். ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் மழை. களம் காலியாகக் கிடந்தது.

"மாவே காயலீங்களே, இன்னைக்கும் தெரியுதே?" என்றாள்.

எட்டாம் வகுப்போடு நின்றவள். சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று நான் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவள் செய்து காட்டினாள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே, "மழைக்காலம், காத்துல ஈரம்" என்றேன். அவள் சரிங்க என்று சொல்லிவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.

நாலு நாள் கழித்துக் காலையில் வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். சேலத்துக்குக் கண் மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டரம்மா கண்ணில் அழுத்தம் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"விளக்கைச் சுத்தி வட்டமா கலர் கலரா தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுதுங்க. அது மாவுங்க. ஊட்டுக்காரர் சொன்னாரு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். திரும்பி அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்போது அப்படித்தான் தெரியுமாம். முதல் தடவை தெரிந்தபோதே வந்திருந்தால் இரண்டு கண்ணையும் காப்பாற்றியிருக்கலாமாம். இடது கண்ணுக்கு லேசர் செய்து காப்பாற்றிவிட்டார்கள். வலது கண்ணில் இப்போது ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். தைப்பதைக் குறைத்துக்கொண்டாள். டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றிவிட்டுத் துடைப்பாள். சொந்தக்காரர்கள் விசாரித்தால், "அதுவா வந்துதுங்க" என்று முடித்துக்கொள்வாள். என்னை யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்த பிறகு நானே பேச்சை எடுத்தேன்.

"நான் சொன்ன பதில்தான் உன் கண்ணைக் கெடுத்துது."

தட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். கோபம் இல்லை. ரொம்ப நாளாக மனசில் இருந்ததைச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"பதில்ல ஒன்னுமில்லீங்க. அன்னைக்கு எனக்கு ஒரு மாதிரி பயமா இருந்துச்சு, அதான் கேட்டேன். நீங்க எந்திரிச்சு வந்து பல்பத்தானுங்க பாத்தீங்க. என் மூஞ்சியப் பாக்கவேயில்லையே."