பட்டியலில் நான் விட்ட பெயர்

வாசகர்களே, என் தவறுக்கு நீங்களே சாட்சியாக இருங்கள். செஞ்சிக் கோட்டையைக் காத்த வீரர்களின் பரம்பரை நாங்கள் என்று மேடைதோறும் முழங்கியவன் நான். அதை நிறுவுவதற்காக, சென்னை ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டிய முன்னோர் பெயர்களைப் பட்டியலிட்டேன். செஞ்சியை அடுத்த வல்லத்தில் பண்ணையாளாக உழைத்த கொள்ளுத்தாத்தா முனியனின் பெயரை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

பட்டியலைப் படித்த, நான் நைனா என்றழைக்கும் அப்பாவின் முகம் வாடியது.

"இன்னாடா, என் தாத்தா பேரக் காணோம்? அவரு ஏர் ஓட்டுனது உன் மேடைக்கு அசிங்கமா?"

"அவருக்கெல்லாம் ஆதாரம் கிடைக்காது நைனா."

"தேடாமலே தெரிஞ்சிடுச்சா? அவரு பேர ஒரு தபா எழுத்துல பாக்கணும்னுதான்டா உன்ன அனுப்புறேன்."

மேடையில் எதிரணியினரை மடக்கிப் பழகிய நான், அன்று பேனாவை எடுத்தேன். வெட்கத்தோடு பட்டியலைத் திருத்தினேன். இப்போது நைனாவிடம் கேட்காமல் அதில் ஒரு பெயரையும் சேர்ப்பதில்லை, நீக்குவதுமில்லை. அன்று அவரெதிரே நின்று உரக்கச் சொன்னேன்: "மொதல்ல முனியன் பேரத்தான் தேடுவேன் நைனா. கெடைக்கலன்னாலும், அவரோட கொள்ளுப்பேரன்னு மேடையில சொல்லுவேன்."