கீழ்த்தளத்துச் சுவர்கள்

கண்டிக்கு அருகே, எங்கள் திகனப் பக்கம் நிலம் இரண்டு முறை லேசாக ஆடிய பிறகு, எங்கள் மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் விரிசல்களை எண்ணினேன். ஏழு. எல்லாம் கொங்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் ஓரத்தில். மாடியில் நாங்கள் ஐந்து பேர் உறங்குகிறோம். பயம் பிடித்துக்கொண்டது.

வீட்டைத் தாங்குவது தூண்கள், சுவர் வெறும் அடைப்பு என்பதுதான் இங்கே எல்லாருடைய எண்ணமும். கீழே உள்ள சுவர்களை இடித்துவிட்டால் விழுவதற்கு ஒன்றும் இருக்காது என்று நானே சொன்னேன். மகனுக்கு வாய்ப்பாகிவிட்டது. ரோட்டோரம், ஆறு தூண்களுக்கு நடுவே திறந்த கடை போடலாம் என்றான். சுவர் இடிக்க மேசன் பாஸையும் வரச் சொல்லிவிட்டான்.

மருமகள் யாழ்ப்பாணத்துப் பெண், கட்டடப் பொறியியலாளர். வேலையிலிருந்து வந்தவள் இதைக் கேட்டதும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“மாமா, நிலம் ஆடேக்க தூணைச் சாயவிடாமல் பிடிக்கிறது சுவர்தான். மேல ஒன்பது சுவர் கிடக்கு. கீழ ஒண்டும் இல்லையெண்டால் மாடி பெட்டி மாதிரி அப்பிடியே நிக்கும், கீழ்த்தூண்தான் மடங்கும்.”

“அப்போ பாதிச் சுவர் வைப்போம், மேல கண்ணாடி போடலாம்” என்றான் மகன்.

“நல்ல யோசனை. சுவர் பிடிக்காத அந்த மேல்பாதியில தூண் முறியும். கடைக்குப் பேர் வைக்க முதல் கடை போயிடும்.”

“ஒன் படிப்பே என் யாவாரத்துக்கு எதிரி.”

“அப்போ இந்த ஏழு விரிசல்?” என்றேன்.

“ஆட்டத்தைச் சுவர் வாங்கின அடையாளம், மாமா. அப்பிடியே விடவும் ஏலாது, சுவர் வெளியால சரியலாம். தூணோட சேர்த்துக் கட்டி, கம்பிவலை அடிச்சுப் பூசுவம்.”

இடிக்கச் சுத்தியலோடு வந்த மேசன் பாஸ், கம்பிவலை வாங்கப் போனார். மகனின் கடை முற்றத்தில் தகரக் கூரையோடு தனியாக எழுந்தது. முற்றத்தில் இனி வான் வண்டி நிறுத்த இடமில்லை என்று இன்றும் முனகுகிறான்.

சென்ற மாதம் மறுபடி ஒரு சிறு அதிர்வு. அலுமாரிக் கண்ணாடி கலகலத்தது. கீழே போய்ச் சுவர்களைத் தடவிப் பார்த்தேன். பூச்சில் மயிரிழை போல ஒரு கோடு.

“எட்டாவது” என்றேன் மருமகளிடம்.

அவள் நகத்தால் கீறிப் பார்த்தாள். “பூச்சிலதான். சுவர் தன்ர வேலையைச் செய்யுது. வந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது.”

குடித்தேன். அவளுக்கு நன்றி சொல்ல வாய் திறந்து, தேத்தண்ணிக்குச் சீனி போதாது என்றுதான் சொன்னேன். மாடியில் பேத்தி ஓடும் சத்தம் கேட்டது. கீழே, நான் இடிக்கச் சொன்ன சுவர்கள் எல்லாம் நின்றன.