பன்ட் நேரத்து வரிசை

“மனுஷன் நிலாவுல கால் வெச்ச அதே நேரத்துல இங்க ஒரு பன்ட் நடந்திருந்தா, நான் நிலாவையும் பாத்திருக்க மாட்டேன், பன்ட்டையும் பாத்திருக்க மாட்டேன். சாசேஜைத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்திருப்பேன். ஆட்டம் நடக்கும்போது என் கடை ஷட்டர் இறங்குச்சுன்னா, உள்ள லைல் டிட்மர் செத்துக் கிடக்கான்னு அர்த்தம். வந்து பூ வெச்சுட்டுப் போங்க.”

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில், இரண்டாவது பிராந்திக்கும் மூன்றாவதற்கும் நடுவில், லைல் இப்படி முழங்கினார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். ஆஷ்வால்டில் அதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. விஸ்கான்சின் மாநிலத்தின் மற்ற ஊர்களில் தேவாலய மணி அடித்தால் ஜனம் எழுந்திருக்கும். எங்கள் ஊரில் பன்ட் என்றால் எழுந்திருக்கும்.

அமெரிக்கக் கால்பந்தில், மூன்று தடவை முட்டி மோதியும் நகர முடியாத அணி, நான்காம் தடவை பந்தை எட்டி உதைத்து எதிரியிடமே கொடுத்துவிடுவதற்குப் பெயர் பன்ட். இவ்வளவு சிரமப்பட்டு ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பதை யார் உட்கார்ந்து பார்ப்பது? ஆகவே ஊரில் பாதி கழிப்பறைக்குப் போகும், மீதி லைல் கடைக்கு வரும். பெரியவர்கள் ஏற்படுத்திவிட்டுப் போன ஒழுங்கு அது.

கடை பார்வையாளர் மேடைக்கு அடியில், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற லைல் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை, காதால் நடத்தினார். மூன்றாவது முயற்சியும் வீணானதும் மேலே ஊரே சேர்ந்து ஓர் ‘அடச்சே’ விடும். உடனே லைல் ரொட்டிகளைப் பிளந்து வரிசையாக அடுக்குவார். அவர் மனைவி ஆர்டிஸ் பீரில் வெந்த வெங்காயத்தை அள்ளி வைப்பார். முதல் ஆள் படியிறங்கி வரும்போது சாசேஜ் ரொட்டிக்குள் படுத்திருக்கும். எங்கள் கல்லூரி அணி மோசமாக ஆட ஆட, கடை அமோகமாக நடந்தது. அணி பல வருடங்களாக லைலைக் கைவிட்டதில்லை.

இந்த நிலையில்தான் கல்லூரி, உதைக்கும் நேரத்து ஆட்டத்துக்கென்றே நெவின் ட்ராப் என்று ஒரு பயிற்சியாளரைத் தனியாக நியமித்தது. உப்பு டப்பாவுக்கு ஒரு மேனேஜர் வைத்த மாதிரி இருந்தது எங்களுக்கு. ஒல்லியான ஆள், சத்தமே போடமாட்டார். பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து, கால்சட்டையில் சேறு படாமலே வீடு திரும்பும் பையன்களாகப் பார்த்துப் பொறுக்கினார். அதில் ஒரு வேதியியல் மாணவனுக்குக் காலிடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் நிற்கும் உதைப்பவனிடம் எறிவது மட்டுமே வேலை. அதையே அவன் காலையும் மாலையும் செய்துகொண்டிருந்தான். அவன் அம்மா கவலைப்பட்டு டாக்டரைக் கேட்டாராம்.

பருவத்தின் முதல் ஆட்டம். எதிரணி பன்ட்டுக்கு நின்றது. வழக்கப்படி நாங்கள் எழுந்தோம், இறங்கினோம், இறங்கியவர்களில் பாதிப்பேர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தோம். தலைக்கு மேல் இடி இறங்கியது. கான்கிரீட் அதிர்ந்தது. பல் டாக்டர் ஹால்வர் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தார்.

“யாரு செத்தது?”

“யாரும் சாகல டாக்டர்! நம்ம பையன் பன்ட்டத் தடுத்துட்டான்! தடுத்த பந்தை எடுத்துக்கிட்டு ஓடி, கோட்டைத் தாண்டிட்டான்!”

“நம்ம பையனா?”

“நம்ம பையன்தான்!”

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். அந்தப் பருவத்தில் அவர் இப்படி மூன்று அற்புதங்களைக் கழிப்பறையிலேயே கழித்தார். அதன் பிறகு ஆட்டத்தன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். நோயாளிகளுக்கும் அதையே சொன்னதாகக் கேள்வி.

அக்டோபர் நடுவில் நிலைமை முற்றிவிட்டது. மேலே ‘அடச்சே’ கேட்கும், லைல் ரொட்டிகளைப் பிளப்பார், ஆர்டிஸ் வெங்காயத்தை வைப்பார், படியில் ஒரு காலடிச் சத்தம் கேட்காது. சாசேஜுகள் குளிரில் தோல் சுருங்கிக் கிடக்கும். பிறகு மேலே கைதட்டல்.

“பன்ட்டுக்குக் கைதட்டுறாங்க ஆர்டிஸ்,” என்றார் லைல். வாய் மூடவில்லை. “நல்லாப் படிச்சவங்க. கைதட்டுறாங்க.”

“எனக்கும் காது இருக்கு. ரொட்டிய மூடு, காயுது.”

கல்லூரி விளையாட்டு அலுவலகத்திலிருந்து புரூவெட் வந்தார். அவர் ஆட்டம் பார்க்காதவர். அந்த அலுவலகத்துக்கு அதுதான் தகுதி. அடுத்த வருடம் கடை இருக்கும் இடத்தில் பீட்சா இயந்திரம் வைக்க யோசனை என்றார். அதற்குக் குளிராது, அது யாரோடும் பேச்சுக் கொடுக்காது. “கடைசி ஆட்டத்துல வந்து பாப்பேன். பன்ட் நேரத்துல வரிசை நின்னா கடை இருக்கும். நிக்கலைன்னா மெஷின்.”

லைலுக்கு அந்தக் கடையைத் தவிர உலகில் வேறு எங்கும் ஒரு வேலையும் இல்லை. வீட்டில் அவர் இருப்பது ஆர்டிஸுக்கு இடைஞ்சல். ஆர்டிஸ் அதைப் பலமுறை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே சுடச்சுட இரண்டு சாசேஜைத் தாளில் சுற்றிக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குப் போனார்.

“கோச், உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா கொஞ்சம் சுமாரா செய்ய முடியுமா?”

“எதை?”

“பன்ட்ட. அடியோட கெடுக்கச் சொல்லல. ஒண்ணு ரெண்ட விறுவிறுப்பா வெச்சுக்கோங்க. மத்ததுல ஜனங்களுக்குக் கொஞ்சம் பசிக்கட்டும்.”

ட்ராப் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த வழக்கம் கிடையாது. “இந்தப் பசங்களுக்கு ஆட்டம் முழுக்கக் கிடைக்கிறதே அந்த நேரம்தான், லைல். அதுல போய் கொட்டாவி விடுங்கடான்னு நான் எப்படிச் சொல்றது?”

“எனக்கும் அந்த நேரம்தானே கிடைக்குது!”

“அதுவும் நியாயம்தான்.” ட்ராப் தாளைப் பிரித்து ஒரு கடி கடித்து, பொறுமையாக மென்றார். “ரொம்ப நல்லா இருக்கு. இதை நீங்க என்னிக்காவது சுமாரா செஞ்சிருக்கீங்களா?”

லைல் வீட்டுக்கு வந்ததும் ஆர்டிஸிடம் சொன்னார்: “அந்த ஆள் சரியில்ல. என்னையே கேள்வி கேக்கறான்.”

“என்ன கேட்டான்?”

“அது எதுக்கு இப்ப?”

கடைசி ஆட்டம் பக்கத்து ஊர் செயின்ட் ஒடிலோ கல்லூரியோடு. குளிர் மூக்கை அறுத்தது. அந்தக் குளிரை நம்பித்தான் லைல் இரட்டிப்பாக வேகவைத்திருந்தார். ஒவ்வொரு பன்ட்டுக்கும் புரூவெட் கடை முன்னால் வந்து நின்றார்; வேறு யாரும் வரவில்லை. ஆட்டம் முடியப் போகிறது. நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் இருக்கிறோம். பந்து ஒடிலோவிடம், அவர்கள் தங்கள் கோட்டுக்கு மிக அருகே மாட்டிக்கொண்டு பன்ட்டுக்கு நிற்கிறார்கள். இதைத் தடுத்தால் ஜெயித்துவிடலாம். ட்ராப் தன் பெஞ்சுக்கோடிப் பையன்களை உள்ளே அனுப்புகிறார். இதெல்லாம் மேலே இருந்த எங்களுக்குத் தெரிந்தது. கீழே லைலுக்குக் கேட்டது வேறு. மைதானம் சத்தமில்லாமல் போயிருந்தது. அவருக்கு ஊரின் எல்லாச் சத்தமும் அத்துப்படி. இது அவர் கேட்டறியாதது.

புரூவெட் நல்ல மனிதர்தான். கடைப் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். “ஒருத்தர் நின்னாலும் வரிசைதான் லைல். நான் அப்படியே ஆபீஸ்ல சொல்லிடறேன். புளிச்ச முட்டைக்கோஸ் தாராளமா வெச்சு ஒண்ணு குடுங்க.”

கடை பிழைத்துவிட்டது. லைல் ரொட்டியை எடுத்தார். சாசேஜை உள்ளே வைத்தார். முட்டைக்கோஸ் பக்கம் போன இடுக்கி அந்தரத்தில் நின்றது. மேலே இன்னும் அதே அமைதி. யாரோ ஒரு பெண், “ஐயோ, பாக்க முடியலயே,” என்று மட்டும் சொல்வது கேட்டது.

“லைல்?” என்றார் புரூவெட்.

லைல் அடுப்பை அணைத்தார்.

“மிஸ்டர் புரூவெட், பலகையிலேர்ந்து கைய எடுங்க.”

“ஏன்?”

“நசுங்கிடும்.”

ஷட்டர் இறங்கியது. பல வருடங்களாக ஆட்ட நேரத்தில் அசையாத ஷட்டர் பன்றிபோலக் கத்தியது. நல்லவேளை, அதைக் கேட்க அங்கே புரூவெட் ஒருவர்தான் இருந்தார். ஆர்டிஸிடம் ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று லைல் திரும்பினார். ஆர்டிஸின் ஏப்ரன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் எப்போதோ படியேறியிருந்தார்.

லைல் கையில் இடுக்கியோடு சரிவுப் பாதையில் ஏறினார். மேலே வழி முழுக்க முதுகுகள். முன்னால் காதுமடல் வைத்த பெரிய குளிர்த்தொப்பி ஒன்று மைதானம் மொத்தத்தையும் மறைத்தது. லைல் இடுக்கியால் அந்தத் தோளைத் தட்டினார்.

பல் டாக்டர் ஹால்வர் திரும்பினார். பார்த்தவர் முகம் வெளுத்தது. “அப்போ கீழ ஷட்டர்?” என்றார்.

“தொப்பியக் கழட்டுங்க டாக்டர்,” என்றார் லைல், வேறு யாருக்கும் கேட்காத குரலில். “எனக்கு ஒண்ணும் தெரியல.”