லொஜிஸ்டிக்ஸ் ஒஃபிசருக்கு ஒரு லொறி

போன திங்கட்கிழமை காலை, களனிப் பக்கம் ஒரு லொறிக் கொம்பனியின் யார்ட்டில் எலுமிச்சம்பழம் நசுக்குவதைப் பார்க்கப் போயிருந்தேன். பத்தி எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மனைவியின் தம்பி சுரேஷுக்கு அன்று வேலையில் முதல் நாள். "அத்தான், நீங்களும் வாங்கோ" என்றான். அவன் முகத்தைப் பார்த்த பிறகு மறுக்க மனம் வரவில்லை.

சுரேஷ் கொட்டாஞ்சேனையில் இருக்கிறான். பல வருடம் புடவைக் கடையில் நின்றவன். கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம். கையைக் கட்டிக்கொண்டு இருக்காமல் கனரக வாகனம் ஓட்டப் பழகி, லைசன்ஸும் எடுத்துவிட்டான். இனி வேலை தேட வேண்டியதுதானே? அங்கேதான் கூத்து ஆரம்பம்.

முதலில் போனது பெரிய கொம்பனி. கண்ணாடிக் கதவு, ஏசி, ரிசப்ஷனில் பிளாஸ்டிக் பூ.

"எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"

"இல்லை மிஸ். இப்பதான் லைசன்ஸ் எடுத்தனான்."

"எக்ஸ்பீரியன்ஸோட வாங்க."

எங்கே போய் வாங்குவது? நுகேகொடை சந்தையில் கூறு கட்டி விற்கிறார்களா? எல்லாக் கொம்பனிக்கும் பழுத்த டிரைவர் வேண்டும். பழுக்க வைக்கிற வேலையை மட்டும் பக்கத்துக் கொம்பனி செய்ய வேண்டும். இந்த லட்சணத்தில், நாட்டில் நல்ல டிரைவர்மாருக்குப் பஞ்சம் என்று கூட்டம் போட்டுப் பேசுவதும் இவர்கள்தான்.

அடுத்தது மருதானை. சந்துக்குள் ஒரு தகரக் கொட்டில், மூன்று லொறி, சாரத்தோடு நின்ற ஒரு முஸ்லிம் முதலாளி. எல்லாரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்களாம். ஏசியும் இல்லை, பூவும் இல்லை.

"லைசன்ஸ் இரிக்கா? நல்லம்" என்றாராம் நானா. "மொதல்ல எங்கட டிரைவருக்குப் பக்கத்துல இருந்து போய் வாங்க. நான் சொல்லும் வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொட வாணாம். பொறகு வெறும் லொறி. லோட் ஏத்தினதை அதுக்குப் பொறகு பார்ப்பம்."

சுரேஷுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் சிவம் மாமாவுக்குப் பிடிக்க வேண்டுமே!

சிவம் மாமா என் மனைவிக்கும் சுரேஷுக்கும் தாய்மாமன். வங்கியில் இருந்து ஓய்வு பெற்று, வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருந்துகொண்டு எங்கள் எல்லாருடைய வாழ்க்கையையும் நடத்துகிறவர். அவர் ஆயுளில் ஓட்டிய பெரிய வாகனம் ஒரு சின்னக் கார். அதையும் காலி வீதி நெரிசலில் இறக்கப் பயந்து, போன வருடம் விற்றுவிட்டார். லொறியைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

"லைசன்ஸ் எடுத்த பெடியன் கிளீனர் சீட்டில குந்தியிருக்கிறதே? ஆக்கள் கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார்.

யார் ஐயா இந்த ஆக்கள்? நானும் இத்தனை காலமாகத் தேடுகிறேன், ஒருவரையும் காணவில்லை. சுரேஷின் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்க வராத ஆக்கள், அவன் லொறியில் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று மட்டும் கேட்க வருவார்களாம். எங்கள் சனத்துக்கு டிரைவர் வேண்டும்... ஆனால் கல்யாண வீட்டில் "மருமகன் டிரைவர்" என்று சொல்ல நாக்கு எழும்பாது.

கடைசியில் மாமாவே ஒரு கொம்பனியைக் கண்டுபிடித்தார். தெரிந்தவருக்குத் தெரிந்தவர். அனுபவம் தேவையில்லை, முதல் நாளே லொறி. கொம்பனி பெயர் போட்ட டீ சேர்ட் வேறு. எல்லாவற்றையும் விட, வேலையின் பெயர் — லொஜிஸ்டிக்ஸ் ஒஃபிசர்! மாமா அன்று பின்னேரமே கனடாவில் இருக்கிற சொந்தக்காரருக்கு ஃபோன் போட்டுவிட்டார். லொறியைப் போய்ப் பார்த்தாரா? எதற்கு? பெயரைக் கேட்டாரே, போதாதா?

அப்படித்தான் நான் அந்த யார்ட்டில் நின்றேன். புது டிரைவர் வந்தால் சாமிப்படத்துக்குச் சாம்பிராணி காட்டி, முன் டயர்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, அதன் மேல் லொறியை ஏற்றி இறக்குவது அங்கே வழக்கமாம். மெனேஜர் நெற்றி நிறையத் திருநீறோடு தானே குனிந்து பழத்தை வைத்தார். நானும் குனிந்து பார்த்தேன். டயரில் வரி என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. என் தலை மாதிரி மினுமினுத்தது.

"டயர் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கே, தம்பி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஓடும் சேர். சாமி இருக்கிறார்தானே" என்றார் மெனேஜர்.

சுரேஷ் ஏறினான். ஸ்டார்ட் பண்ணினான். பழம் நசுங்கியது. எல்லாரும் கை தட்டினோம். இனி பிரேக் போட்டு நிற்க வேண்டும்... லொறி நிற்கவில்லை. யார்ட் ரோட்டுப் பக்கம் கொஞ்சம் சரிவு. மெதுவாகத்தான் போனது, ஆனால் போய்க்கொண்டே இருந்தது. நேராக இரும்புக் கேட்டில் மோதி, கேட் வளைந்து, ஒரு பக்கம் கழன்று தொங்கிய பிறகுதான் நின்றது. கேட்டுக்கு வெளியே ஸ்கூல் வானுக்காக நின்ற நாலைந்து பிள்ளைகள் பாய்ந்து விலகுவதைக் கம்பி இடைவெளியால் பார்த்தேன்.

மெனேஜர் ஓடினார். பிள்ளைகளிடம் என்றா நினைக்கிறீர்கள்? காவலுக்கு நின்ற வோச்சரிடம். கேட்டை ஏன் நேரத்துக்குத் திறந்து வைக்கவில்லை என்று சிங்களத்தில் கிழி கிழியென்று கிழித்தார். பிறகு சுரேஷிடம் வந்தார்.

"புது ஆள் எண்டால் இப்படித்தான். பிரேக்கை மிதிக்கத் தெரியேல்ல."

"அடி வரைக்கும் மிதிச்சனான், சேர்."

"ஒருக்கா மிதிச்சால் பிடிக்காது. விட்டு விட்டு மிதிக்கோணும். முந்தின டிரைவர் அப்படித்தான் ஓட்டினவர்."

"அவர் இப்ப எங்க?"

மெனேஜர் ஃபோனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். பதில் சொன்னது பேச்சு வாங்கிய வோச்சர்தான். "எயா ரிமாண்ட் எக்கே இன்னே, மல்லி." அந்த ஆள் ரிமாண்டில் இருக்கிறாராம். இதே லொறியால் களனிப் பாலத்தடியில் ஒருவரை அடித்துவிட்டாராம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அனுபவம் தேவையில்லை என்று இவர்கள் சொல்வது பெருந்தன்மை என்றல்லவா நினைத்திருந்தேன்! அனுபவசாலி ஏறுவதற்கு முன் சில்லை உதைத்துப் பார்ப்பான், பிரேக்கை மிதித்துப் பார்ப்பான், பிறகு வந்த வழியே போய்விடுவான். கேள்வி கேட்கத் தெரியாதவன்தான் இவர்களுக்கு வேண்டும். ஏதும் நடந்தால் உள்ளே போவது டிரைவர். ஓனர் அடுத்த எலுமிச்சம்பழம் வாங்கப் போவார்.

சுரேஷ் சாவியை மெனேஜரின் கையில் வைத்தான். டீ சேர்ட்டைக் கழற்றி மடித்து சீட்டில் போட்டான். பையில் இருந்த தன் சேர்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். பஸ்ஸில் ஏறிய பிறகு சொன்னான்.

"பிள்ளை பிறக்கேக்க நான் உள்ளுக்கு இருந்திருப்பன், அத்தான்."

பஸ் மருதானையைத் தாண்டவில்லை. அங்கேயே இறங்கி, நேரே நானாவின் கொட்டிலுக்குப் போனான். இந்தக் கிழமை முழுக்க டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில்தான் இருக்கிறான். லோட் கட்டுகிறான், ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பின்னால் நிற்கிறான். லைசன்ஸ் பேர்சில் பத்திரமாக இருக்கிறது. நானாவும் ஒரு தெய்வப்பிறவி என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் லாபம் பார்க்கிற முதலாளிதான். ஆனால் மனுஷன் தன் லொறியில் பிடிக்கிற பிரேக் வைத்திருக்கிறார்.

நேற்று சிவம் மாமா ஃபோன் எடுத்தார். குரலில் அப்படி ஒரு துக்கம். கனடாவுக்கு இனி என்ன சொல்வதாம்?

"நல்ல ஒஃபிசர் வேலை. ஒரு கேட் உடைஞ்சதுக்கு ஆராவது விட்டிட்டு வருவினமோ? ஒரு கேட் தானே?"

"ஓம் மாமா, ஒரு கேட் தான் போனது, பிள்ளைகள் இல்லை. பூட்டியிருந்தபடியால்."